55 மைல், 15 கண்ணிவெடிக் களங்கள்: பிரேமிந்திர சிங் பகத் பற்றிய குறிப்புகள்

பகத் என்ற பெயரைச் சொன்னாலே நமக்கு லாகூர் சிறைதான் நினைவுக்கு வரும். இந்தப் பதிவு அந்த பகத் சிங்கைப் பற்றியது இல்லை. பிரேமிந்திர சிங் பகத் என்ற ராணுவப் பொறியாளரைப் பற்றியது. இரண்டாம் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் வாங்கிய முதல் இந்தியர் இவர்தான். அதைவிட முக்கியமாக, அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் இந்திய அதிகாரியும் இவர்தான். பிற்காலத்தில் 1962 சீனப்போர்த் தோல்வியை விசாரித்த இரண்டு பேரில் ஒருவர். காஷ்மீரில் இன்றைக்கும் நாம் சொல்லும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை வரைந்து கையெழுத்துப் போட்டவரும் இவரே.

இவ்வளவு இருந்தும் தமிழில் இவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. போர் வரலாறு என்றாலே நமக்குத் தளபதிகள், டாங்கிகள், விமானங்கள்தான். அந்த டாங்கி போவதற்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டே போகிற ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

சாப்பர் என்பவர் யார்?

பழைய கோட்டை முற்றுகைகளில், எதிரியின் சுவரை நோக்கி வளைந்து வளைந்து பதுங்குகுழி வெட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் குழிக்கு 'சாப்' என்று பெயர். அதை வெட்டுகிறவர் சாப்பர். சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பவர் மைனர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸ், வங்காளம், பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலும் இப்படிப் படைகள் உருவாயின. நம்ம ஆட்கள் ஏராளமாக இருக்கும் பெங்களூரு மதராஸ் சாப்பர்ஸ் இந்த மூன்றில் ஒன்று. பகத் சேர்ந்தது பம்பாய் சாப்பர்ஸ் படையில். அதன் தலைமையிடம் புணே அருகே உள்ள கிர்க்கி.

20ஆம் நூற்றாண்டில் கோட்டை முற்றுகை போய்விட்டது. ஆனால் வேலை போகவில்லை. பாலம் கட்டுவது, பாலத்தை உடைப்பது, சாலை போடுவது, தண்ணீர் ஏற்பாடு, கண்ணிவெடி வைப்பது, எடுப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. படை முன்னேறும்போது சாப்பர்தான் முதல் ஆள். பின்வாங்கும்போது பாலத்தை உடைத்துவிட்டு வர வேண்டியதால் கடைசி ஆளும் அவர்தான். பகத்தின் போர் அனுபவத்தில் இந்த இரண்டுமே நடந்தன.

கமிஷன் கிடைத்த காலம்

பகத் பிறந்தது 1918 அக்டோபர் 14. அப்பா ஐக்கிய மாகாண அரசில் பொறியாளர். பையன் டேராடூன் ராணுவப் பள்ளியில் படித்து, 1937இல் அதே ஊரில் இருந்த இந்திய ராணுவ அகாடமிக்குப் போனார். 1939 ஜூலையில் செகண்ட் லெப்டினன்ட். இரண்டே மாதத்தில் போர் வந்துவிட்டது.

இங்கே ஒரு பின்னணியைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் இந்தியர்கள். ஆனால் அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். சுபேதார், ஜமேதார் என்று இந்தியர்களுக்கான பதவிகள் இருந்தாலும், எத்தனை வருட சர்வீஸ் ஆன சுபேதாரும் நேற்று வந்த ஆங்கிலேய லெப்டினன்ட்டுக்குக் கீழேதான். முதல் உலகப்போருக்குப் பிறகு இந்தியர்களையும் அதிகாரிகளாக்க ஆரம்பித்தார்கள், ஆனால் வேண்டாவெறுப்பாக. 1923இல் எட்டே எட்டு படைப்பிரிவுகளை மட்டும் இந்தியமயமாக்குவது என்று முடிவு. இந்திய அதிகாரிக்குக் கீழே ஆங்கிலேய அதிகாரி வேலை செய்ய நேரக்கூடாது என்பதுதான் அதில் இருந்த கவலை. 1932இல் டேராடூன் அகாடமி திறந்த பிறகும், அங்கிருந்து வந்தவர்களின் கமிஷனும் சம்பளமும் ஸாண்ட்ஹர்ஸ்ட் வழியாக வந்தவர்களைவிட ஒரு படி கீழேதான் இருந்தன.

'இந்தியன் நல்ல சிப்பாய், ஆனால் தலைமை தாங்க லாயக்கில்லை' என்ற பேச்சு ராணுவ மெஸ்களில் சாதாரணமாகப் புழங்கிய காலம். 1941க்கு முன்னால் விக்டோரியா கிராஸ் வாங்கிய இந்தியர்கள் பலர் இருந்தார்கள். 1914இல் குதாதாத் கான் தொடங்கி ஒரு வரிசையே உண்டு. ஆனால் அவர்கள் எல்லாருமே சிப்பாய், நாயக், ஜமேதார் மாதிரியான நிலையில் இருந்தவர்கள். கமிஷன் பெற்ற இந்திய அதிகாரி ஒருவர்கூட அதில் இல்லை.

கல்லாபாத்: பின்வாங்கும்போது

1940 செப்டம்பரில் பகத் இருந்த 21வது ஃபீல்ட் கம்பெனி 5வது இந்திய டிவிஷனோடு சூடானுக்குப் போனது. சூடான், எத்தியோப்பியா எல்லையில் கல்லாபாத், மெதெம்மா என்று இரண்டு ஊர்கள். நடுவில் ஒரு காய்ந்த ஓடை. அந்தப் பக்கம் இத்தாலிய ஆட்சி, இந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சி. 1940 ஜூலையில் இத்தாலியர்கள் கல்லாபாத் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

நவம்பர் 6ஆம் தேதி அதை மீட்கப் போனது 10வது இந்தியப் படையணி. தலைமை பிரிகேடியர் வில்லியம் ஸ்லிம். பிற்காலத்தில் பர்மாவில் ஜப்பானியர்களைத் தோற்கடித்த அதே ஸ்லிம். கோட்டை கையில் கிடைத்தது. ஆனால் கூட வந்த ஒரு டஜன் டாங்கிகளில் பெரும்பாலானவை பாறையிலும் கண்ணியிலும் பட்டு முடங்கிவிட்டன. வானத்தில் இத்தாலிய விமானங்களின் கை ஓங்கியது. எதிர்க்கரையில் இருந்த மெதெம்மாவைத் தாக்க முடியாமல் ஸ்லிம் பின்வாங்கினார்.

பின்வாங்கும் படையைத் துரத்தி எதிரி வராமல் தடுக்கும் வேலை சாப்பர்களுக்கு. உடைந்துபோன இரண்டு டாங்கிகளில் வெடிமருந்தை நிரப்பி ஒரு சிறுபாலத்தின் அடியில் வைத்தார்கள். வெடித்தது ஒன்றுதான். பாலம் விழவில்லை. எதிரி நெருங்கிக்கொண்டிருந்தான். வெடிக்காத வெடியின் பக்கத்தில் போவது எவ்வளவு ஆபத்து என்று எந்தச் சாப்பரைக் கேட்டாலும் சொல்வார். அது ஏன் வெடிக்கவில்லை, இனி எப்போது வெடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பகத் மறைவிலிருந்து வெளியே ஓடி, மீதி மருந்தை வெடிக்கவைத்துப் பாலத்தை வீழ்த்தினார். இதற்கு மிலிட்டரி கிராஸ் சிபாரிசு செய்யப்பட்டது. கிடைத்தது என்னவோ போர் அறிக்கையில் பெயர் மட்டும்தான்.

அந்த 96 மணி நேரம்

1941 ஜனவரியில் நிலைமை மாறியது. இத்தாலியர்கள் எல்லையை விட்டு உள்நாட்டுக்குப் பின்வாங்க ஆரம்பித்தார்கள். ஜனவரி 31 இரவு மெதெம்மா காலியானது. கோண்டார் நகரத்தை நோக்கிப் போகும் பாதையில் அவர்களைத் துரத்த வேண்டும். போனவர்கள் சும்மா போகவில்லை. வழியெல்லாம் கண்ணிவெடி விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

துரத்தும் படையின் முன்னணியில் ப்ரென் கேரியர்கள். மேலே கூரை இல்லாத, சுமார் நாலு டன் எடையுள்ள சின்னச் சங்கிலிச்சக்கர வண்டிகள். துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கிற அளவுக்குத்தான் அதன் தகடு. அடியில் வெடிக்கும் கண்ணியைத் தாங்குவதற்குச் செய்த வண்டி அல்ல. அதில் முதல் வண்டியில் பகத் உட்கார்ந்தார். வயது 22. சர்வீஸ் ஒன்றரை வருஷம்.

கண்ணிவெடி எடுப்பது என்றால் இன்றைக்கு நாம் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு தட்டு வைத்த கம்பியோடு நடக்கும் ஆளை நினைக்கிறோம். அந்தக் கருவியை போலந்து நாட்டு அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்துக் கொடுத்ததும், அது பெரிய அளவில் களத்துக்கு வந்ததும் இதற்குப் பிறகுதான். 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் போரில்தான் அது பேர் வாங்கியது. 1941 பிப்ரவரியில் சாப்பரின் கருவி கண்ணும், துப்பாக்கிமுனைக் கத்தியும், விரலும்தான். மண் நிறம் மாறியிருக்கிறதா, புல் வாடியிருக்கிறதா, வண்டித்தடம் திடீரென்று அழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் இறங்கி, கத்தியைச் சாய்வாகக் குத்தித் தேட வேண்டும்.

நாலு நாள். 55 மைல். 15 கண்ணிவெடிக் களங்கள். விடியலிலிருந்து இருட்டும் வரை வேலை.

இந்த எண்களைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு சுமார் 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர். சராசரியாக ஆறு கிலோமீட்டருக்கு ஒரு கண்ணிக்களம். 15 என்பது கண்டுபிடித்த களங்களின் கணக்கு. நடுவில் இருந்த வெறும் சாலை வெறும் சாலைதான் என்பது தாண்டிய பிறகுதான் தெரியும். ஆகவே 15 இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. 88 கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும். அதுவும் மெதுவாக அல்ல. துரத்தும் படை அவசரத்தில் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்த்தும் தவறியது இரண்டு முறை. இரண்டு தடவை அவர் இருந்த கேரியர் கண்ணியில் ஏறி வெடித்தது. கூட இருந்தவர்கள் அடிபட்டார்கள். பகத் வேறு வண்டியில் ஏறித் தொடர்ந்தார். மூன்றாவது தடவை எதிரி பதுங்கியிருந்து கிட்டத்தில் சுட்டான். அப்போதும் வேலை நிற்கவில்லை. ஒரு வெடிப்பில் செவிப்பறை கிழிந்துவிட்டது. மாற்று ஆள் அனுப்புகிறோம், நீ ஓய்வெடு என்றார்கள். வேண்டாம் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் பதக்க அறிவிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இந்த வேலையை முடிக்க இப்போது தானே அதிகத் தகுதி உள்ளவன் என்பதுதான் அது.

எனக்கு இந்தப் பதிலில்தான் ஆள் தெரிகிறார். 'நாட்டுக்காக உயிரைக் கொடுப்பேன்' என்று அவர் சொல்லவில்லை. ஒரு பொறியாளர் கணக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறார். கண்ணி வைப்பவனுக்கும் ஒரு பழக்கம் இருக்கும். எந்த மாதிரி வளைவில் வைப்பான், ஓடையின் எந்தக் கரையில் வைப்பான், எவ்வளவு இடைவெளி விடுவான் என்பதெல்லாம் பத்துக் களத்தை எடுத்தவனுக்குக் கண்ணில் பழகியிருக்கும். அந்த அறிவைக் காகிதத்தில் எழுதிக் கைமாற்ற முடியாது. புதிதாக வருகிற ஆள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் முதல் களத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பாடத்துக்கான விலையைப் பின்னால் வரும் வண்டிகள் கொடுக்கும். அவர் சொன்னதை நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

பதக்க அறிவிப்பு 1941 ஜூன் 10ஆம் தேதி லண்டன் கெஜட்டில் வந்தது. அதில் இன்னொரு விஷயமும் கண்ணில் படும். கேரியர் வெடித்தபோது 'மற்றவர்களுக்கு' ஏற்பட்ட சேதம் என்று மட்டும் இருக்கிறது. அந்த மற்றவர்களின் பெயர் அதில் இல்லை. முதல் வண்டியில் பகத்தோடு உட்கார்ந்திருந்த டிரைவரும் சாப்பரும் அதே ஆபத்தில்தான் இருந்தார்கள். பதக்க அறிவிப்பு ஒருவரைப் பற்றியது என்பதால் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடக்கூடாது.

சரி, அந்த 55 மைல் எங்கே போய்ச் சேர்ந்தது? கோண்டாருக்குப் போகவில்லை. துரத்திய படையணி பிறகு எரித்ரியா பக்கம் திருப்பப்பட்டு கெரன் போரில் இறங்கியது. கோண்டார் விழுந்தது அந்த ஆண்டு நவம்பர் கடைசியில், இந்தப் பாதை வழியாக அல்ல. உயிரைப் பணயம் வைத்துத் திறந்த பாதை கடைசியில் போரின் முக்கியப் பாதையாக ஆகவில்லை. போரில் பொறியாளர் வேலை பெரும்பாலும் இப்படித்தான். பாலம் கட்டி முடித்ததும் படை வேறு பக்கம் போய்விடும். முன்னணி வண்டியில் இருந்தவருக்கு அது தெரியவும் தெரியாது, தெரிந்தாலும் வேலை மாறாது.

அந்தப் பதக்கத்தின் அரசியல்

1941இல் இந்திய அரசியல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்திருந்தன. தனிநபர் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பகத் மாதிரி ஒரு இளம் இந்திய அதிகாரி பிரிட்டிஷ் பிரசாரத்துக்கு மிகவும் பயன்பட்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. நவம்பரில் டில்லி வைஸ்ராய் மாளிகையில் லின்லித்கோ பிரபு பதக்கத்தை அணிவித்தார்.

ஆனால் அதே பதக்கம் ஆட்சியாளர்களின் பழைய வாதத்தையும் உடைத்தது. சிப்பாயின் வீரத்தை அவர்கள் எப்போதும் ஒப்புக்கொண்டார்கள். இங்கே பாராட்டப்பட்டது வேறு: நிதானம், தொழிலறிவு, ஒரு முழுப் படைவரிசையின் பொறுப்பைத் தனியாகச் சுமந்தது. அதாவது, எதை இந்தியனிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ அதையேதான். 1947இல் ராணுவத்தை ஏற்று நடத்தியது இந்தத் தலைமுறை அதிகாரிகள்தான்.

அதே வேலை, மற்ற இடங்களில்

பகத் தனி ஆள் இல்லை. 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியின் மின்யானோ என்ற இடத்தில் மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் ஒரு கண்ணிவெடியின் மேல் விழுந்து, பக்கத்தில் இருந்தவர்களைத் தன் உடம்பால் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது, இறந்த பிறகு.

1948 ஏப்ரலில் காஷ்மீரில் நடந்தது இன்னும் வியப்பு. நௌஷேராவிலிருந்து ரஜௌரிக்குப் போகும் பாதையில் டாங்கிகள் போக வேண்டும். வழியில் கண்ணிகள், வெட்டிப்போட்ட பைன் மரங்கள், உடைத்த சிறுபாலங்கள். ஏப்ரல் 8 முதல் 11 வரை வழி திறந்தவர் செகண்ட் லெப்டினன்ட் ராமா ரகோபா ராணே. மோர்ட்டார் காயத்தோடு, டாங்கிக்கு அடியில் ஊர்ந்துபோய், டிரைவருக்குக் கயிறு இழுத்துச் சைகை காட்டியபடி வழி நடத்தியதாகச் சொல்வார்கள். அவரும் பம்பாய் சாப்பர்ஸ். அதே பதவி, அதே நாலு நாள், அதே கண்ணிவெடி. ராணே பரம் வீர் சக்ராவை உயிரோடு பெற்றார். ஏழு வருஷ இடைவெளியில் ஒரே படைப்பிரிவில் இரண்டு பேர் இப்படிச் செய்திருப்பதைத் தற்செயல் என்று மட்டும் சொல்ல முடியாது. முன்னால் போவது அதிகாரியின் வேலை என்பது அங்கே வழக்கமாகவே இருந்திருக்கிறது.

1962: இன்னும் மூடியிருக்கும் அறிக்கை

சுதந்திர இந்தியாவில் பகத் படிப்படியாக உயர்ந்தார். 1962 சீனப்போர் முடிந்தபோது அவர் பிரிகேடியர், டேராடூன் அகாடமியின் கமாண்டன்ட். புதிதாகப் பொறுப்பேற்ற தளபதி ஜெனரல் சௌதுரி, தோல்விக்கான ராணுவக் காரணங்களை ஆராய இரண்டு பேரை நியமித்தார். லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத். 1963இல் அறிக்கை தயார்.

அந்த அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை 2014 மார்ச்சில் நெவில் மாக்ஸ்வெல் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் இணையத்தில் வெளியிட்டார். போதிய படைபலம் இல்லாமல் முன்னணி நிலைகளை அமைத்த கொள்கை, டில்லிக்கும் களத்துக்கும் இருந்த இடைவெளி எல்லாம் அதில் விமர்சனத்துக்கு உள்ளாகின்றன. ராணுவத் தலைமையகம் எடுத்த முடிவுகளை ஆராய அவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த எல்லைக்குள் நின்றே அவ்வளவு எழுதியிருக்கிறார்கள்.

எங்கே தவறு நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்து வருகிறவன் அதே இடத்தில் கால் வைக்கமாட்டான். சாப்பர் ஒருவருக்கு இது முதல் பாடம். எடுத்த களத்துக்குக் கொடி நட்டு அடையாளம் வைக்காமல் அவர் போகமாட்டார். 1962 விஷயத்தில் அந்தக் கொடியை நட்டுவிட்டுத்தான் போனார்கள். அதை நாம் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

கோடு போட்டவர்

1972இல் வடக்குப் பிராந்தியத் தலைமையகம் உதம்பூரில் அமைந்தபோது அதன் முதல் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பகத். சிம்லா ஒப்பந்தப்படி காஷ்மீரில் புதிய கட்டுப்பாட்டுக் கோட்டை வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்தியா சார்பில் பகத், பாகிஸ்தான் சார்பில் லெப்டினன்ட் ஜெனரல் அப்துல் ஹமீத் கான். ஆகஸ்டில் தொடங்கிய பேச்சு, தாக்கோ சக் என்ற சின்னக் கிராமம் யாருக்கு என்ற சிக்கலில் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் டிசம்பர் 11ஆம் தேதி சுசேத்கரில் 19 வரைபடங்களில் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

அந்தக் கோடு வடக்கே என்ஜே 9842 என்ற புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே பனிப்பாறைகள், ஆள் போகாத இடம், கோடு எதற்கு என்று 1949லிருந்தே விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் 1984இல் சியாச்சென் சண்டை வந்தது.

கடைசி வருஷங்கள்

அடுத்த ராணுவத் தளபதி பகத்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பதவியில் இருந்த ஜெனரல் பேவூருக்குப் பணி நீட்டிப்பு கொடுக்கப்பட்டது. அதற்குள் பகத் ஓய்வு பெற்றுவிட்டார். வேண்டுமென்றே ஓரம் கட்டினார்கள் என்று அன்றைக்கும் பேச்சு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவர் பொறுப்பு. அணை, மின்சாரம், வெள்ளக் கட்டுப்பாடு என்று திரும்பவும் பொறியாளர் வேலை. ஒரு வருஷம்கூட நிறையவில்லை. 1975 மே 23ஆம் தேதி இறந்துபோனார். வயது 56. பேவூரின் நீட்டித்த பதவிக்காலம் முடிந்தது மே 31. இடையில் எட்டே நாள்.

தளபதி ஆகியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை. செய்த வேலைகளே போதுமான அளவு இருக்கின்றன. மெதெம்மா சாலையில் திறந்த பாதை இருக்கிறது, காஷ்மீரில் போட்ட கோடு இருக்கிறது, 1962 பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கையும் இருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி எழுத என்னால் முடிந்தது. மூன்றாவதை முழுதாகப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்றால் அரசு கதவைத் திறக்க வேண்டும். 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. திறந்தால் என்ன?